தெள்ளும் உண்ணியும்

தில்லியில், நம் பல்கலைக்கழகத்துக்குப் பின்புறமுள்ள பழைய குடியிருப்பு ஒன்றில் சென்ற ஆண்டு ஆனி மாதம் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த பஞ்சாபி மூதாட்டி. தெருவே அவரை 'மாஜி' என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். அவருடன் ஷேரு என்ற நாயும் வசிக்கிறது. பெயர்தான் சிங்கம், சுபாவத்தில் பசு. நான் விலங்கியல் முதுகலை படிக்கிறவன் என்று தெரிந்ததும் மாஜி என்னிடம் கேட்ட முதல் கேள்வி முன்பணத்தைப் பற்றியதன்று. "பேட்டா, நீ பிராணிகளைப் பற்றித்தானே படிக்கிறாய்? இவன் இரவெல்லாம் சொறிந்துகொள்கிறான். மிருக வைத்தியர் கழுத்தில் விடச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அது விஷம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். விடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "வேண்டாம் மாஜி, வேப்பெண்ணெய் போதும். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வேம்புதான்" என்றேன். விஞ்ஞானம் படிக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். சொட்டு மருந்து அலமாரிக்குள் போயிற்று. வாரம் இரு முறை ஷேருவின் உடம்பில் வேப்பெண்ணெயைத் தடவினோம். வீடு முழுவதும் வேப்பெண்ணெய் நாற்றம். உண்ணிகள் சில உதிர்ந்தன, நானும் மகிழ்ந்தேன்.

புரட்டாசி தொடக்கத்தில் ஷேரு சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவன் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடினோம். அவர் காதுமடலைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். மிளகைக் கொட்டி வைத்தாற்போல் உண்ணிகள். "வேப்பெண்ணெய் வாசனை வருகிறதே, இது யார் சொன்ன வைத்தியம்?" என்று கேட்டார். மாஜி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "வீட்டு வைத்தியம், டாக்டர் சாகேப்" என்று மட்டும் சொன்னார்.

இரத்தத் துளி ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி நிறமேற்றி, அவர் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வெள்ளணு ஒன்றினுள் முசுக்கட்டைப் பழம் போன்று சிறு சிறு மணிகள் திரண்ட ஊதா நிறப் பொட்டு ஒன்று தெரிந்தது. அதுதான் எர்லிக்கியா கேனிஸ் என்னும் கிருமி. உண்ணி கடிக்கும்போது நாயின் உடம்பில் புகுந்து, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. மூக்கில் இரத்தம் வடிவது இதனால்தான். 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் டொனேசியன், லெஸ்டோகார் என்ற இருவர் இதை முதலில் விவரித்தார்கள். வியத்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் பல இந்நோயால் மடிந்த பிறகே உலகம் இதைக் கவனித்தது.

நண்பர்களே, ஷேரு பிழைத்துக்கொண்டான். இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம். ஆனால் அந்த இருபத்தெட்டு நாளும் மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் மாஜியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேம்பு ஏன் கைவிட்டது என்பதை ஆராயாமல் இருக்க முடியவில்லை. அப்போது நூலகத்திலும் அந்த வீட்டுச் சுவர் இடுக்குகளிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் நாய் வளர்ப்போர் சிலரே என்றாலும், விடுதி வாசலில் கிடக்கும் ஏதாவதொரு நாய்க்குப் பெயர் வைத்து இட்லி போடுகிறவர்கள் பலர் என்பதை நான் அறிவேன்.

முதலில் தெள்ளைப் பார்ப்போம். இங்குள்ளோர் இதைப் 'பிஸ்ஸு' என்பார்கள். பக்கவாட்டில் தட்டையான, சிறகில்லாத, ஆறு கால் பூச்சி. தன் உடல் நீளத்தைப் போல் நூறு மடங்கு தூரம் துள்ளும். நாயின் மேல் காணப்படும் தெள்ளு பெரும்பாலும் 'பூனைத் தெள்ளு' என்னும் இனத்தைச் சேர்ந்தது என்பது வேடிக்கை. 1898-ஆம் ஆண்டில் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக்கைப் பரப்புவது தெள்ளே என்று காட்டினாரே, அது எலித் தெள்ளு. இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாய்த் தெள்ளும் முற்றிலும் சாதுவன்று. நாடாப்புழு ஒன்றைச் சுமந்து திரிகிறது. நாயோடு விளையாடும் குழந்தை தவறிப்போய் ஒரு தெள்ளை விழுங்கிவிட்டால் அந்தப் புழு குழந்தையின் குடலிலும் வளரும்.

தாய்த் தெள்ளு நாயின் இரத்தத்தைக் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. நன்றாக உண்டால் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள்கூட இடும். அந்த முட்டைகள் பேன் முட்டையைப் போல மயிரில் ஒட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழுவழுப்பான அவை நாய் உடம்பைச் சிலிர்க்கும்போதும் படுக்கும்போதும் உப்பைத் தூவினாற்போல் உதிர்ந்துவிடுகின்றன. பொரிந்து வரும் புழுவுக்குக் கால் இல்லை, கண் இல்லை. வெளிச்சத்துக்கு அஞ்சிப் படுக்கையின் அடியிலும், தரை விரிப்பின் நூலிழைகளுக்குள்ளும், கல் பாவிய தரையின் இடைவெளியிலும் புகுந்துகொள்கிறது. அதற்கு உணவு எது தெரியுமா? தாய்த் தெள்ளு நாயின் மேல் இருந்துகொண்டே கழிக்கும், செரிக்காத இரத்தம் நிறைந்த எச்சம். அதுவும் முட்டையோடு சேர்ந்து கீழே உதிர்கிறது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மேலேயிருந்தே பாலூற்றுகிற தாய் இது!

புழு பின்னர்க் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டின் மேல் மண்ணும் தூசியும் ஒட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் எளிதில் உட்புகாது. உள்ளே வளர்ச்சி முடிந்த தெள்ளு உடனே வெளிவர வேண்டுமென்பதில்லை. தரையின் அதிர்வு, உடம்பின் வெப்பம், மூச்சிலுள்ள கரியமில வாயு இவற்றை உணரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிப் பூட்டிய அறையைத் திறந்தவுடன் காலெல்லாம் கடிபட்ட அனுபவம் சிலருக்கு இருக்கலாம். நீங்கள் வருவீர்கள் என்றுதான் அவை கூட்டுக்குள் காத்திருந்தன.

தெள்ளு பீடித்த ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் ஊர்பவை நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஒரு மதிப்பீடு. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கின்றன. நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது அந்த ஐந்து பங்கின் மேல்.

ஆனால் அந்தப் புழுவுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் அது உலர்ந்து செத்துவிடும். உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி நீடித்தாலும் பிழைக்காது. சித்திரை, வைகாசி மாதங்களில் தில்லி வெயில் செய்யும் நன்மை இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு ஷேருவின் படுக்கையைப் பார்த்தேன். அது வராந்தாவில், கூலருக்கு நேர் எதிரே இருந்தது. வெளியே அனல் காற்று அடித்தாலும் அந்த மூலையில் மட்டும் ஆண்டு முழுவதும் ஈரமும் குளிர்ச்சியும். தெள்ளுப் புழுவுக்கு நாங்களே மின்சாரக் கட்டணம் கட்டி மழைக்காலம் அமைத்துக் கொடுத்திருந்தோம். படுக்கையைக் கூலரின் முன்னிருந்து எடுத்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் போட்டதே நாங்கள் செய்த முதல் இயற்கை வைத்தியம்.

இரண்டாவது வைத்தியம் துணி வெளுப்பது. பஞ்சு மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய பருத்திப் புடைவைகளை மடித்துப் போட்டோம். அவற்றை வாரம் ஒருமுறை சோப்பிட்ட கொதிநீரில் ஊறவைத்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப்போடுகிறோம். முட்டை பொரிந்து கூடு கட்டுவதற்குள் அடுத்த சலவை வந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. வெயில் மங்கிய ஆடி, ஆவணியில் வாரத்துக்கு இருமுறை. வராந்தாவையும் கட்டிலின் அடியையும் தினந்தோறும் பெருக்கி, குப்பையை மூலையில் தள்ளி வைக்காமல் உடனே கட்டி வெளியே போட வேண்டும். தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. அதன் அதிர்வே கூட்டிலிருக்கும் தெள்ளைக் கிளப்பிவிடும்.

மூன்றாவது, நம் வீட்டுப் பேன் சீப்பு. நெருக்கமான பல்லுள்ள அந்தச் சீப்பால் நாயின் வால் அடியிலும் கழுத்திலும் சீவி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் தட்ட வேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து துள்ளிப் போய்விடும். சோப்பு கலந்தால் மூழ்கும். சீப்பில் கரும்பொடி மட்டும் வந்தால் அதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். சிவப்பாகக் கசிந்தால் அது மண்ணன்று, தெள்ளின் எச்சம். இந்தப் பரிசோதனைக்கு எந்த ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. இரவில் தரையில் சோப்புத் தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்து, அதற்கு மேல் சிறு விளக்கைத் தொங்கவிட்டால் புதிதாக வெளிவந்த தெள்ளுகள் சில அதில் விழும். அதனால் தெள்ளு ஒழியாது. எவ்வளவு மிச்சம் என்று அறிய உதவும்.

இனி உண்ணி. ஷேருவைச் சாய்த்தது இதுதான்.

உண்ணி பூச்சியே அன்று. சிலந்தி, தேள் இவற்றின் உறவினம். குஞ்சாக இருக்கையில் ஆறு கால், பிறகு எட்டு. நம் நாட்டு நாய்களின் மேல் காணப்படுவது பெரும்பாலும் பழுப்பு நாயுண்ணி. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதையைப் போலவே இருக்கும். ஆமணக்குக்கு இலத்தீனில் வைத்த 'ரிசினஸ்' என்ற பெயருக்கு உண்ணி என்பதுதான் பொருள் என்று படித்தபோது, கொட்டைமுத்து உடைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எண்ணிச் சிரித்தேன்.

இதன் வாழ்க்கை மூன்று விருந்துகளால் ஆனது. குஞ்சு நாயின் மேலேறிச் சில நாள் குடித்துவிட்டுக் கீழே விழுந்து தோலுரிக்கிறது. அடுத்த பருவத்தில் மீண்டும் ஏறிக் குடித்து, மீண்டும் விழுந்து தோலுரிக்கிறது. வளர்ந்தபின் மூன்றாம் முறை ஏறுகிறது. பெண் உண்ணி ஏறக்குறைய ஒரு வாரம் குடித்து, விழுந்து, நாலாயிரம் வரை முட்டையிட்டுச் சாகிறது. மூன்று விருந்துக்கும் ஒரே நாய் போதும். விருந்துக்கும் விருந்துக்கும் இடையில் அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் தாங்கும். ஆகவே அதன் வாழ்நாளில் பெரும் பகுதி நாயின் மேல் கழிவதே இல்லை.

பின் எங்கே கழிகிறது? மேல்நாட்டுப் புத்தகங்களில், 'புல்லை வெட்டுங்கள், நாயைக் காட்டுப் பக்கம் விடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே புல் நுனியில் காத்திருக்கும் உண்ணி வேறு இனம். நம் நாயுண்ணி வீட்டுக்காரன். அதற்கு மேல்நோக்கி ஏறும் சுபாவம். நாயிடமிருந்து விழுந்ததும் அருகிலுள்ள சுவரில் ஏறி, வெடிப்பிலும், கதவு நிலையின் பின்னும், காரை பெயர்ந்த இடத்திலும் ஒளிந்து முட்டையிடும். இதைப் படித்த அன்று மாலை கைவிளக்கை எடுத்துக்கொண்டு வராந்தாச் சுவரைப் பார்த்தேன். ஷேரு படுக்கும் இடத்துக்கு மேலே, என் தலை உயரத்தில், மின்கம்பிக் குழாயின் பின்னால் சாணி நிறத்தில் முட்டைக் குவியல் ஒன்று. அதன் அருகில் குஞ்சுகள் கடுகுப் பொடியைப்போல் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு மாதம் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நான் ஷேருவுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன்.

உண்ணியின் முன்னங்கால்களில் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் மோப்பம் பிடிக்கும் ஒரு சிறு குழி உண்டு. அதையே அதற்கு எதிராகப் பயன்படுத்தலாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த பனிக்கட்டி கிடைக்கும். அது கரியமில வாயு உறைந்த கட்டி. முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து, துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் அதை வைத்து, சுற்றிலும் இருபுறமும் ஒட்டும் நாடாவைப் பதித்தேன். ஒரு மணி நேரத்தில் சுவரிலிருந்து உண்ணிகள் இறங்கி வரிசையாக வரத் தொடங்கின. மாஜி நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். (இதை மூடிய அறையில் செய்யலாகாது, மூச்சுத் திணறும். கட்டியை வெறுங்கையால் தொடவும் கூடாது.) இவ்வளவு ஏற்பாடு எல்லாருக்கும் இயலாது என்பது உண்மையே. ஆனால் உண்ணி எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒரு மாலை எங்களுக்குக் காட்டிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பித் தூரிகையால் வெடிப்புகளைச் சுரண்டி, விழுந்ததைச் சோப்பிட்ட கொதிநீரில் போட்டோம். வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தோம். படுக்கையைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போட்டோம். ஊரில் மாட்டுக் கொட்டிலுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்து, கோழிகளையும் உள்ளே மேயவிடுவார்களே, அதன் பயன் அன்றுதான் எனக்கு விளங்கியது. கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்னும். தில்லி வாடகை வீட்டில் கோழிக்கு இடமில்லை. ஒரு முறை அடைத்ததோடு வேலை முடியவில்லை. பட்டினி தாங்கும் பிராணியாதலால் மாதந்தோறும் கைவிளக்கோடு சுவரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

நாயின் மேல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தினமும் தடவிப் பார்ப்பது. காதின் உட்புறம், கால்விரல்களின் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி, அக்குள் இந்நான்கு இடங்களையும் தவறவிடக் கூடாது. உண்ணி அகப்பட்டால் முள்வாங்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது, எண்ணெய் விட்டு மூச்சை அடைப்பது எல்லாம் தவறு. தொல்லைக்குள்ளான உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாயில் கக்கலாம். கிருமியும் அதனோடு போகலாம். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். இதே நாயுண்ணி மனிதருக்கு உண்ணிக் காய்ச்சலைத் தரும் கிருமியையும் சுமக்கும். ஸ்பிரிட் உள்ள சீசாவில் போடுங்கள்.

தினமும் ஏன் பார்க்க வேண்டும்? பபேசியா என்ற மற்றொரு கிருமி உண்டு. அதன் ஓர் இனத்தை 1910-ஆம் ஆண்டில் பட்டன் என்பவர் முதன்முதலில் கண்டது நம் சென்னையில்தான். ஆங்கிலேயர் வேட்டைக்கென்று வைத்திருந்த 'மதராஸ் ஹண்ட்' நாய்களின் இரத்தத்திலும், பிறகு நரியின் இரத்தத்திலும். பொதுவாகப் பபேசியா நாய்க்குள் இறங்க உண்ணி இரண்டு நாளளவு ஒட்டியிருக்க வேண்டும். அதற்குள் பிடுங்கிவிட்டால் தப்பலாம். எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக் கூடியது. அதனால் கைத்தேடல் பாதிக் காவல்தான்.

இப்போது இலை, வேர், எண்ணெய் வகைகளுக்கு வருகிறேன். வேம்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பக்கம் வெட்டுக்கிளிப் படை வந்தபோது, இங்கே பூசாவிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் அதன் சாரமான அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் வந்த ஆராய்ச்சிகளின்படி, அது பூச்சியின் உணவு வேட்கையைக் கெடுக்கிறது, தோலுரிப்பதைக் குலைக்கிறது. அங்கேதான் என் பிழை இருந்தது. நாயின் மேல் இருக்கும் தெள்ளு வளர்ந்து முடிந்தது. அது இனித் தோலுரிக்கப் போவதில்லை. உண்ணி தோலுரிப்பதோ சுவரில். சரியான மருந்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். போதாததற்கு அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். செறிவான வேப்பங்கொட்டைச் சாறு ஆய்வுக்கூடத்தில் உண்ணிகளைக் கொன்றதுண்டு. அவ்வளவு செறிவைத் தினமும் நாய் உடம்பில் பூச முடியாது. பூசினால் நாய் நக்கும். வேப்பெண்ணெய் உள்ளே போய்க் குழந்தைகளுக்கே நஞ்சேறியதுண்டு.

வசம்பு, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை இவற்றை அரைத்து மாட்டு உண்ணிக்குப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்பி வருகிறது. அது மாட்டுக்கு. நாயின் கதை வேறு. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குபவை. 'பூண்டைத் தின்னக் கொடுத்தால் உண்ணி ஏறாது' என்று நம் விடுதியில் ஒருவர் சொல்லக் கேட்டேன். அவர் பேச்சைக் கேட்டு யாரும் கொடுத்துவிட வேண்டாம். சீத்தாப்பழ விதைப் பொடி தலைப்பேனைக் கொல்லும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும் என்பதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகத்தைக் காலால் தேய்த்துக்கொள்ளும் நாய்க்கு அதைப் பூசலாமா? கற்பூரம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் மூன்றும் நாய்க்கு விஷம். இப்போது கடைகளில் விற்கும் 'டீ ட்ரீ' எண்ணெயும் அப்படியே. எலுமிச்சைப்புல் எண்ணெய் சற்று நேரம் விரட்டும், பிறகு ஆவியாகிவிடும். தேங்காயெண்ணெயைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. அதிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பமிலங்களின் கலவை உண்ணியை விரட்டுவதாக 2018-இல் அமெரிக்க வேளாண் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனால் நாம் தலைக்குத் தடவும் எண்ணெய் அதே வேலையைச் செய்யாது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மாஜி ஒருநாள், "அப்படியானால் இயற்கை என்பதே பொய்யா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் இது. தெள்ளுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் ஸ்பினோசாட் என்ற மாத்திரையின் சாரம், 1982-இல் கரிபியன் தீவொன்றில் கைவிடப்பட்ட சாராய வடிசாலையின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் உண்டாக்கும் பொருள். ஷேருவைக் காத்த டாக்ஸிசைக்ளினும் அத்தகையதே. அதன் குடும்பத்துக்கு மூத்ததான ஆரியோமைசினை 1945-இல் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து டக்கர் கண்டறிந்தபோது, அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மண்ணும் இயற்கைதானே! மறுபக்கம், சாமந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரமும் இயற்கைதான். அதைப் பார்த்து மனிதன் செய்த பெர்மெத்ரினை நாய்க்கு விட்டுவிட்டு, அந்த நாயோடு பூனையைப் படுக்கவிட்டால் பூனை செத்துப்போகலாம். இலையா, மாத்திரையா என்று பார்ப்பதைவிட, எந்தப் பிராணிக்கு, எவ்வளவு, எங்கே என்று பார்ப்பது நல்லது என்றேன். "இதை ஆனி மாதமே சொல்லியிருக்கலாமே பேட்டா" என்றார் அவர்.

அலமாரியிலிருந்த சொட்டு மருந்து காலாவதியாகிவிட்டது. இப்போது ஷேருவின் எடைக்கு ஏற்ற மாத்திரையை வைத்தியர் சொன்ன இடைவெளியில் கொடுக்கிறோம். சலவையும் சீப்பும் சுண்ணாம்பும் அதனோடு தொடர்கின்றன. மருந்தை மட்டும் நம்பிச் சுவரை விட்டுவிட்டால், ஒரு தவணை தவறியதும் அங்கே பட்டினி கிடப்பவை இறங்கி வந்துவிடும்.

வராந்தாவின் மேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கை நுழையாத ஒரு வெடிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. தொட்டியை நகர்த்த நான்கு பேர் வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஒழிவுள்ள நண்பர்கள் வந்தால் மாஜி பராத்தா செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேன் சீப்பு ஒன்றும் முள்வாங்கி ஒன்றும் சங்க அறை அலமாரியில் வாங்கி வைத்திருக்கிறேன். விடுதி வாசல் நாய்களுக்கு வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம். கொதிநீரில் கழுவித் திருப்பி வைத்துவிட வேண்டும்.